பதினோராம் நாள் வெந்நீர்

ஏற்காட்டில் யாராவது புதிதாக கேஸ் கீசர் வாங்கினால், பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே ரூபிக்குப் போன் செய்துவிடுவார்கள். பிரித்த பிறகு செய்தால் என்ன கேட்க வேண்டியிருக்கும் என்பது இந்நேரம் எல்லோருக்கும் தெரியும்.

“பிரிச்சதக் கடைக்காரன் திருப்பி வாங்க மாட்டான். இது ஆகாதுன்னு நான் சொல்லிட்டா அப்புறம் அத வெச்சு என்ன பண்ணுவீங்க, பூச்செடி வெப்பீங்களா?”

நாகலூரில் எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவள் ரூபி. அப்பா ஸ்தனிஸ்லாஸ் காப்பிப் பழத்தின் தோலுரிக்கும் மெஷினைப் பார்த்துக்கொண்டவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் பத்தாவது முடித்ததும் சேலம் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தாள். அந்த வகுப்பில் அவளையும் சேர்த்து இரண்டே பெண்கள். பிறகு எட்டு வருடம் சேலத்தில் ஓர் அடுப்பு ரிப்பேர் கடையில் வேலை. ஜீப் ஓட்டும் ஜெப்சனைக் கட்டிக்கொண்டு மறுபடி மலைக்கு வந்தபோது, இங்கே வீட்டுக்கு வீடு கூடுதல் அறை கட்டி வாடகைக்கு விட ஆரம்பித்திருந்தார்கள். வருகிறவர்கள் எல்லோருக்கும் வெந்நீர் வேண்டும். காற்றடித்தால் சவுக்கு மரம் கம்பியில் விழுந்து கரண்ட் போய்விடும். கேஸ் கீசருக்கு அப்படித்தான் இந்த ஊரில் காலம் வந்தது. இப்போது அவளுக்கு முப்பத்து நான்கு வயது. மாட்டிய கீசர்கள் இருநூற்றைத் தாண்டிவிட்டன. எந்த வீட்டில் எந்தச் சுவரில் மாட்டினாள் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வாள்.

அவளிடம் சில பிடிவாதங்கள் உண்டு. குளியலறைக்குள் மாட்ட மாட்டாள். புகைக்குழாய் இல்லாத கீசரைத் தொடவே மாட்டாள். மாட்டி முடித்த மூன்றாம் நாள் சொல்லாமல் வந்து நிற்பாள். அதற்குத் தனியாக எதுவும் வாங்குவதில்லை. “நான் இருக்கறப்ப எல்லா ஊடும் ஒழுங்காத்தான் இருக்கும். நான் போன பின்னாலதான் ஊடு ஊடா இருக்கும். அதப் பாக்கோணுமில்ல” என்பாள்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு காட்டேஜில், வேறு யாரோ குளியலறைக்குள் மாட்டியிருந்த கீசரைக் கழற்றப் போனபோது வந்த பிடிவாதங்கள் அவை. தேனிலவுக்கு வந்து உள்ளே மயங்கிக் கிடந்த ஒரு ஜோடியைக் கதவை உடைத்துத் தூக்கிப் போயிருந்தார்கள். இரண்டு பேரும் பிழைத்துவிட்டார்கள். ரூபி அந்தக் கீசரைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, அடுத்த வாரமே நச்சுக் காற்றை அளக்கும் ஒரு சின்ன மீட்டரை வரவழைத்துக்கொண்டாள். தீப்பெட்டி அளவில் இருக்கும். அது இல்லாமல் அவள் எந்த வீட்டுக்கும் போவதில்லை.

டிசம்பர் மாதம் ஒரு திங்கட்கிழமை கிளியூரிலிருந்து மாதையன் கூப்பிட்டார். இரண்டு ஏக்கர் காப்பியும் கொஞ்சம் பலாவும் ஆரஞ்சும் வைத்திருக்கும் மனிதர். மகள் கவிதாவுக்குச் சேலத்தில் பெண் குழந்தை பிறந்து ஏழு நாள். புதன்கிழமை தாய் வீட்டுக்கு வருகிறாள். மழையில் விறகெல்லாம் நனைந்து கிடக்கிறது. ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் மகன் விஜயகுமார், தங்கச்சிக்காக லீவு போட்டு கீசரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

“பெட்டியப் பிரிச்சுட்டீங்களா?”

“இல்லீங்க. நீங்க வைவீங்கன்னு பக்கத்தூட்டுல சொன்னாங்க.”

ரூபி ஸ்கூட்டரில் போய் இறங்கியபோது பெட்டி கட்டிலின்மேல் மாலை போடாத குறையாக இருந்தது. பெட்டியின் பக்கவாட்டில் இருந்த படத்தைப் பார்த்ததுமே அவள் தலையை ஆட்டினாள்.

“தம்பி, இதுக்குப் புகைக்குழாயே கிடையாது. இத மாத்திட்டு வாங்க.”

விஜயகுமாருக்கு முகம் சுருங்கிவிட்டது. “ஏங்க்கா, ஓசூர்ல எங்க ரூம்ல இதேதான் மாட்டியிருக்கோம். நாலு பேரு குளிக்கறோம். ஒண்ணும் ஆகல.”

“சன்னல் தொறந்திருக்குமா அங்க?”

“எப்பவும் தொறந்துதான் இருக்கும். கண்ணாடி ஒடஞ்சு போச்சு.”

“அந்தக் கண்ணாடிய ஒடச்ச புண்ணியவான்தான் உங்க நாலு பேரையும் காப்பாத்தறான். அவனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க.”

மாதையன் சிரித்துவிட்டார். விஜயகுமார் சிரிக்கவில்லை. ஆனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மத்தியான பஸ்ஸுக்குப் போனான்.

அவன் போன பிறகு ரூபி இடத்தைப் பார்த்தாள். வீட்டின் பின்பக்கம் சமையலறைக் கதவைத் திறந்தால் தகரம் போட்ட சாய்ப்பு. சாய்ப்பில் எட்டடி நடந்தால் குளியலறைக் கதவு. குளியலறையின் ஒரு சுவர் சாய்ப்புப் பக்கம், புதுச் செங்கல். இன்னொரு சுவர் காப்பித் தோட்டத்துப் பக்கம், பழைய கருங்கல், ஒன்றரை அடி கனம். உள்ளே மேலே இருந்த சின்னக் காற்றுத் துவாரத்தில் மாதையனின் மனைவி பாவாயி ஏற்கெனவே ஒரு பழைய சேலையைச் சுருட்டித் திணித்திருந்தாள்.

“இத எதுக்கும்மா அடச்சீங்க?”

“பச்ச ஒடம்புக்காரி வராளே கண்ணு. ஒரு பொட்டுக் காத்துப் பட்டாலும் பின்னால இடுப்பு வலி, தல வலின்னு காலம் பூரா இழுக்கும். கதவுச் சந்துக்குக்கூட சாக்குத் தெச்சு வெச்சிருக்கறன்.”

கவிதாவின் அம்மா இதைப் பெருமையாகச் சொன்னாள். மகளுக்குச் செய்ய வேண்டியதை ஒன்று விடாமல் செய்கிறவளின் பெருமை. ரூபி அதோடு சண்டைக்குப் போகவில்லை. பிள்ளை பெற்றவள் இருக்கிற வீட்டில் சந்து பொந்துகளை அடைப்பார்கள். ரூபி பெற்றபோதும் அடைத்தார்கள். துணியைப் பிடுங்கினால் அவள் போனதும் மறுபடி திணிப்பார்கள். அதனால் யார் எதை அடைத்தாலும் ஆபத்து வராத இடத்தில் நெருப்பை வைக்க வேண்டும் என்பது அவள் கணக்கு.

“கேஸ் கசிஞ்சா நாத்தம் அடிக்கும், தெரிஞ்சு போயிரும். எரிஞ்சு வர்ற காத்துக்கு வாசமும் இல்ல, நெறமும் இல்லம்மா. மூடின எடத்துல அது சேந்தா, ஆளு தூங்கற மாதிரியே சாஞ்சுரும்.”

“வாசமே இல்லாததுக்கு எப்படிக் கண்ணு பயப்படறது?”

“நீங்க பயப்பட வேண்டாம். அந்த வேலைய நான் பாத்துக்கறேன்.”

செவ்வாய்க்கிழமை காலை விஜயகுமார் சரியான கீசரோடு வந்துவிட்டான். ரூபி கருங்கல் சுவரைத்தான் தட்டிப் பார்த்தாள். தோட்டத்துப் பக்கம், நாலாபுறமும் வெட்டவெளி. ஆனால் அந்தக் கல்லில் தண்ணீர்க் குழாய்க்குத் துளை போட அரை நாள் ஆகும். மேலே தனியாக ஒரு தகரம் வேறு போட வேண்டும். விஜயகுமாருக்குச் சாயங்காலம் ஓசூர் பஸ்.

“அக்கா, சாய்ப்புப் பக்கம் வெச்சா ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சுரும். அதும் வெளியதான? ரெண்டு பக்கமும் தொறந்துதான கெடக்குது?”

அது உண்மைதான். சாய்ப்பின் இரண்டு பக்கமும் திறந்தே கிடந்தது, பள்ளத்திலிருந்து காற்று தாராளமாக வந்தது. ரூபி ஒரு நிமிடம் நின்று யோசித்தாள். பிறகு செங்கல் சுவரில் டிரில்லை வைத்தாள்.

வேலை சுத்தமாக நடந்தது. கீசருக்கு மேலே குழாய் வளையாமல் நெட்டுக்குத்தாக ஏறித் தகரத்தைத் துளைத்துக்கொண்டு, கூரைக்கு மேல் இரண்டடி உயரத்தில் தொப்பி போட்டு நின்றது. இணைப்புகளில் அலுமினியம் டேப் சுற்றிக் கிளாம்ப் முடுக்கினாள். சிலிண்டரைச் சாக்கடையிலிருந்து தள்ளி, சமதரையில் நிற்க வைத்தாள். இணைப்பு ஒவ்வொன்றிலும் சோப்பு நுரையைத் தடவி, குமிழ் வருகிறதா என்று கண்ணை அசைக்காமல் பார்த்தாள். கடைசியில் கீசரைப் பற்றவைத்து, குழாய் தொடங்குகிற இடத்தில் ஓர் ஊதுபத்தியைக் காட்டினாள். ஊதுபத்திப் புகை வெளியே சிதறாமல் உள்ளே இழுத்துக்கொண்டு போனது.

“பாத்தீங்களா, இழுக்குது. எப்பவும் இப்படி இழுக்கோணும். தீ நீலமா இருக்கோணும். மஞ்சளாச்சுன்னா ஆஃப் பண்ணிட்டு எனக்குப் போன் பண்ணுங்க.”

“ஊதுபத்தி காட்டறதுன்னா சூடத்தையும் காட்டிரு கண்ணு” என்றாள் பாவாயி. அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள்.

வியாழக்கிழமை வேறொரு வீட்டு வேலை இழுத்துவிட்டதால், ஒரு நாள் தள்ளி வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத்தான் ரூபி மறுபடி கிளியூருக்குப் போனாள். அது கவிதாவுக்குப் பதினோராம் நாள். அந்த வீட்டு வழக்கப்படி பிள்ளை பெற்றவளுக்கு முதன்முதலாகத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற நாள் என்று அவளுக்குத் தெரியாது. பனி கெட்டியாக இறங்கியிருந்தது. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சாய்ப்பைக் காணவில்லை. இருந்த இடத்தில் ஒரு நீலக் கூடாரம் நின்றது. காப்பி காயப்போடுகிற பெரிய தார்ப்பாயைத் தகரத்தின் விளிம்பிலிருந்து தரை வரைக்கும் இழுத்துக் கட்டி, அடியில் கல் வைத்து, இரண்டு பக்கத்தையும் முழுக்க அடைத்திருந்தார்கள். உள்ளே கீசர் எரிகிற சத்தம் கேட்டது. குளியலறைக்குள் தண்ணீர் ஊற்றுகிற சத்தமும் கேட்டது.

ரூபி தார்ப்பாயைத் தூக்கினாள். பையில் இருந்த மீட்டர் அலறத் தொடங்கியது. கீசரின் சின்னக் கண்ணாடிக்குள் தீ மஞ்சளாக நாக்கை நீட்டி ஆடிக்கொண்டிருந்தது. முதலில் சிலிண்டரை மூடினாள். பிறகு ஒரே இழுப்பில் தார்ப்பாயின் கயிற்றை அறுத்துவிட்டுக் குளியலறைக் கதவைத் தட்டினாள்.

“அம்மா, கதவத் தொறங்க. ஒடனே தொறங்க.”

“யாரது? புள்ளைக்குத் தண்ணி ஊத்திட்டிருக்கறன். ஏனு, பச்சத் தண்ணியா வருது?”

“ரூபி. தொறங்கம்மா, அப்புறம் திட்டிக்கலாம்.”

கதவு திறந்தது. ஈரச் சேலையோடு கவிதா முக்காலியில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்திருந்தாள். பாவாயிக்கே நெற்றி வேர்த்திருந்தது.

“ஒண்ணுமில்ல கண்ணு, பச்ச ஒடம்புல்ல. வெந்நீ ஊத்தினா தல சுத்தத்தான் செய்யும். நேத்து ஒடம்புக்கு ஊத்தினப்பவும் சுத்துச்சு. மருந்துருண்டை குடுத்தேன்.”

ரூபிக்கு அந்தச் சொற்கள்தான் பயத்தைக் கொடுத்தன. வேறு யாராவது மயங்கினால் வீடு பதறும். பிள்ளை பெற்றவள் மயங்கினால் அது வழக்கம் என்று மருந்து அரைப்பார்கள். இந்தக் காற்று இந்த வீட்டில் எத்தனை நாள் வேண்டுமானாலும் யாருக்கும் தெரியாமல் வேலை செய்திருக்கும்.

அவள் உள்ளே நுழைந்தாள். கவிதாவின் தோளுக்கடியில் கை கொடுத்து எழுப்பி, கம்பளியைச் சுற்றி, வெட்டவெளிக்கு நடத்திக்கொண்டு போனாள். பாவாயி பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தாள்.

“பனியில கூட்டீட்டுப் போறியே, நீயெல்லாம் புள்ள பெத்தவளா? தலயில ஈரத்தோட…”

“ரெண்டு பெத்தவம்மா. தல ஈரம் காஞ்சுரும். நீங்களும் வெளிய வாங்க.”

“அக்கா, தல வலிக்குது” என்றாள் கவிதா மெதுவாக. “நேத்துல இருந்தே.”

ரூபி ஜெப்சனுக்குப் போன் செய்தாள். கால் மணி நேரத்தில் ஜீப் வந்துவிட்டது. தோட்டத்திலிருந்து ஓடிவந்த மாதையனுக்கு என்ன ஏது என்று புரியவில்லை. வீட்டின் முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையையும் தூக்கிக்கொண்டார்கள்.

“ஆஸ்பத்திரியில ‘கேஸ் புகைய மூச்சு விட்டுட்டாங்க’ன்னு மொதல்லயே சொல்லுங்க. பிரசவ மயக்கம்னு சொல்லீறாதீங்க. மூணு பேரையும் பாக்கச் சொல்லுங்க” என்று ஜெப்சனிடம் இரண்டு தடவை சொல்லி அனுப்பினாள்.

ஜீப் போன பிறகு மாதையனும் அவளும் மட்டும் பின்பக்கம் நின்றார்கள். அறுந்த தார்ப்பாய் தரையில் கிடந்தது.

“நாந்தானுங்க கட்டினேன்” என்றார் மாதையன். “நேத்துக் காத்தால. குளியலறைக்குள்ள அடச்சுப்போட்டோம். ஆனா புள்ள குளிச்சுட்டு ஈரத்தோட இந்த எட்டடி நடக்கோணுமில்லீங்களா. பனி இதுக்குள்ளயே வந்து நிக்குது. குழாய்தான் மேல போகுதே, பொகை போயிருமுன்னு நெனச்சேன்.”

“பொகை போறதுக்குப் புதுக் காத்து வரோணுமுங்க. வராட்டி அது அரையும் கொறையுமா எரிஞ்சு கீழயே எறங்கி, கதவு தொறக்கறப்பவும் குழாய்த் தொளை வழியாவும் உள்ள பூந்துரும்.”

“தப்புத்தானுங்க.”

“உங்க தப்பு பாதி. பாதி என்னோடது. குளியலறைய மட்டும் பாத்தேன். அவ நடந்து போற வழிய நான் பாக்கல.”

அதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கவில்லை. தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டால் அதைச் சரிசெய்யவும் தெரியும் என்கிற ஆளின் குரல் அது. ரூபி ஸ்பேனரை எடுத்துத் தன் கையால் மாட்டியதைத் தானே கழற்ற ஆரம்பித்தாள்.

பன்னிரண்டு மணிக்கு ஜெப்சனின் போன் வந்தது. கவிதாவுக்கு ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள், தலைவலி குறைந்திருக்கிறது. பாவாயிக்கும் கொஞ்ச நேரம் வைத்தார்கள். குழந்தைக்கு ஒன்றும் இல்லை, பால் குடித்துவிட்டுத் தூங்குகிறது. சாயங்காலம் வரைக்கும் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புவார்களாம்.

“அந்தம்மா இன்னும் உன்ன வஞ்சுக்கிட்டிருக்காங்க” என்றான் ஜெப்சன்.

“வைய மூச்சிருக்குல்ல. நல்லதுதான்.”

போனை வைத்துவிட்டுக் கருங்கல் சுவருக்குப் போனாள். செவ்வாய்க்கிழமை வேண்டாம் என்று விட்ட அதே சுவர். உளியும் டிரில்லும் மாறி மாறி இறங்கின. மாதையன் தண்ணீர் ஊற்றிக் கல்தூளைக் கழுவிக் கொடுத்தார். மூன்று மணிக்குத் துளை அந்தப் பக்கம் போய் வெளிச்சம் தெரிந்தது. கீசரைத் தோட்டத்துப் பக்கம் மாட்டி, மழை படாமல் தலைக்கு மட்டும் ஒரு தகரம் அடித்தாள். பக்கங்களை அடைக்க அங்கே சுவரும் இல்லை, கயிறு கட்டத் தூணும் இல்லை. புகைக்குழாயைக் குளியலறைத் துவாரத்துக்கு எதிர்த்திசையில் தள்ளி, கூரைக்கு மேல் ஏற்றினாள். பழைய இடத்தில் தகரத்தில் இருந்த ஓட்டையை ஒரு தகரத் துண்டால் மூடி, செங்கல் சுவரில் இருந்த துளைகளைச் சிமெண்ட் வைத்துப் பூசினாள்.

“இப்ப அந்தத் தார்ப்பாயக் கட்டுங்க” என்றாள்.

மாதையன் அவள் முகத்தைப் பார்த்தார். “வேடிக்கையாச் சொல்றீங்களா?”

“நெசமாத்தான். உங்க இஷ்டத்துக்குக் கட்டுங்க. அடச்சுக்கோங்க. அங்க எரியறதுக்கு இனி ஒண்ணும் இல்ல. விறகடுப்ப மட்டும் அதுக்குள்ள கொண்டு போகாதீங்க.”

இருவருமாகத் தார்ப்பாயைக் கட்டினார்கள். அவர் கட்டியதைவிட இறுக்கமாக அவள் கட்டினாள். பிறகு கதவு, சந்து, துவாரம் எல்லாவற்றையும் மூடி, குளியலறைக்குள் மீட்டரைத் தொங்கவிட்டு, கீசரை அரை மணி நேரம் எரியவிட்டாள். நடுநடுவே போய்க் கதவைத் திறந்து பார்த்தாள். சாய்ப்புக்குள்ளும் வைத்துப் பார்த்தாள். பூஜ்யம், பூஜ்யம் என்றே காட்டியது.

சாயங்காலம் ஜீப்பிலிருந்து இறங்கிய பாவாயி நேராகப் பின்பக்கம் வந்தாள். கீசர் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. தார்ப்பாய் இருந்தது. கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“டாக்டரம்மா சொன்னாங்க” என்றாள். “இன்னும் பத்து நிமிசம் போயிருந்தா நானும் சேந்து சாஞ்சிருப்பனாம். நான் பாட்டுக்கு அதுக்கு மருந்தரச்சுக்கிட்டு இருந்திருக்கறேன்.”

ரூபி கருவிகளைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். “இனிமே தல சுத்துச்சுன்னா மொதல்ல வெளிய வாங்க. மருந்து அப்புறம்.”

“அதெல்லாஞ் சரி. பதினோராம் நாளு தண்ணி பாதியில நின்னு போச்சே.”

“நாளைக்கு ஊத்துங்க.”

“நாளைக்குப் பன்னண்டு. ரெட்டப்படையில ஊத்தக் கூடாது. ஞாயித்துக்கெழமதான்.”

“சரி. பூசை முடிச்சுட்டு நான் வரேன்.”

“நீ எதுக்கு? அதான் எல்லாம் பண்ணிட்டியே.”

“மூணாம் நாள் வருவேன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“இதுக்குக் கழட்டி மாட்டினதுல இருந்தா எண்ணறே?” என்று கேட்டுவிட்டு, பாவாயி காலையிலிருந்து முதன்முறையாகச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கோயில் சேலையோடு ரூபி தோட்டத்துப் பக்கம் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். காப்பிச் செடிகளின் இலை நுனியிலிருந்து பனி சொட்டியது. கூரைக்கு மேல் குழாயின் தொப்பியிலிருந்து மெல்லிய ஆவி கிளம்பிப் பனியோடு கலந்தது. கண்ணாடிக்குள் தீ ஒரே சீராக நீலமாக நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாக் கதவுகளும் அடைத்திருந்தன, மீட்டர் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது, அம்மாவும் மகளும் ஏதோ வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். எண்ணெய் போக இன்னொரு தடவை சீயக்காய் வேண்டும் என்று ஒரு குரல். போதும்மா என்று இன்னொரு குரல்.

இருபது நிமிடம் கழித்துக் கருங்கல் சுவரில் சொம்பால் தட்டுகிற சத்தம் வந்தது.

“ஏனுங் கண்ணு, அங்கதான இருக்கற?”

“இருக்கறேம்மா. மீட்டர் என்ன காட்டுது?”

“முட்டை காட்டுது. இன்னுங் கொஞ்சம் சூடு ஏத்து. புள்ளைக்கு முதுகுக்கு நல்லா ஊத்தோணும்.”

ரூபி எழுந்து போய்த் திருகை ஒரு படி கூட்டினாள். தீ கொஞ்சம் உயர்ந்து, அதே நீலத்தில் நின்றது.